ராஜாவின் காலும் தபால்காரர் காலும்

‘பைபாஸ்’ என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது ஊருக்கு வெளியே போகும் ரோடுதான். ராத்திரி நேரத்தில் தெரியாமல் பைபாஸ் ரைடர் பஸ்ஸில் ஏறிவிட்டு, ஊருக்குள் போகாதா என்று கண்டக்டரிடம் மல்லுக்கு நின்றவர்கள் நம்மில் பலர் உண்டு. அதற்கு அடுத்தபடியாக நினைவுக்கு வருவது இதய ஆபரேஷன். “அவருக்கு பைபாஸ் ஆகியிருக்கு” என்று யாராவது சொன்னால், எங்கே என்று நாம் கேட்பதில்லை. நெஞ்சில்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

ஆனால் இந்த வைத்தியம் முதலில் நிலைபெற்றது காலில். ஏறத்தாழ இருபது வருஷம் கழித்துத்தான், 1967-ல், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ரெனே ஃபவலோரோ என்ற மருத்துவர் காலில் இருந்து எடுத்த சிரையை இதயத்தில் வைத்துத் தைத்து அந்த முறையை உலகறியச் செய்தார். கால்தான் மூத்த பிள்ளை. பேர் வாங்கியது இளைய பிள்ளை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. போன வாரம் காலை நடையில் கூட வரும் நண்பர் ஒருவர், தன் சம்பந்திக்குக் காலில் அடைப்பு, பைபாஸ் செய்யலாம் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, “செஞ்சா எத்தனை வருஷம் தாங்கும்?” என்று கேட்டார். இதே கேள்வியை இதே வார்த்தைகளில் நான் முப்பது வருஷங்களுக்கு முன்பே கேட்டிருக்கிறேன். கேட்டவர் எங்கள் ஆபீஸ் போஸ்ட்மேன் அண்ணாச்சி.

பீட்டில் நின்ற கால்

நான் திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிறிய ஊரில் சப் போஸ்ட் மாஸ்டராக இருந்தபோது அண்ணாச்சி அங்கே போஸ்ட்மேன். என்னைவிட மூத்தவர். பதவியில் நான் மேலே என்பதால் அவர் என்னை ‘சார்’ என்பார். வயதில் அவர் மேலே என்பதால் நான் அவரை ‘அண்ணாச்சி’ என்பேன். சைக்கிள் கிடையாது. தபால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடைதான். வாயில் பீடி அணைந்து நான் பார்த்ததில்லை. எங்கள் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் மடியில் தட்டு வைத்து பீடி சுற்றிய காலம் அது. சுற்றியவர்கள் வீட்டில் அடுப்பெரிந்தது. குடித்தவர்கள் காலில் ரத்தம் குறைந்தது.

1985 வாக்கில் ஒருநாள் பீட் முடித்துத் தாமதமாக வந்தார். “சார், கெண்டைக்கால்ல குரக்கு புடிச்ச மாதிரி வலிக்கு. நின்னா போயிருது, நடந்தா வந்துருது” என்றார். முதலில் மேலத் தெரு வேப்பமரம் வரை நடந்து நிற்பார். சில மாதத்தில் அதற்கு முந்தின பிள்ளையார் கோவில். பிறகு ஆபீஸ் படியிறங்கி டீக்கடை வரைதான். டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “எவ்வளவு தூரம் நடந்தா வலி வருது?” அண்ணாச்சி மரத்தையும் கோவிலையும் டீக்கடையையும் வரிசையாகச் சொன்னார். நோய் எந்த வேகத்தில் வளர்கிறது என்பதற்கு அதைவிட நல்ல கணக்கு டாக்டருக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை.

விஷயம் எளிமையானது. இதயத்திலிருந்து சுத்த ரத்தம் கொண்டுபோகும் குழாய் தமனி. ரத்தத்தைத் திரும்பக் கொண்டுவருவது சிரை. தொடைத் தமனியில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து வழி குறுகினால், உட்கார்ந்திருக்கும்போது வருகிற ரத்தம் போதும். நடக்கும்போது தசை கேட்கிற அளவு வராது. அப்போது வலிக்கும். இன்னும் குறைந்தால் ராத்திரி படுத்திருக்கும்போதே பாதம் எரியும். அதற்கும் மேலே போனால் விரல் கறுக்கும், புண் ஆறாது. கடைசியில் காலை எடுக்க வேண்டிவரும். சர்க்கரையும் புகையும் சேர்ந்தால் இந்த வழி இன்னும் வேகமாக நடந்து முடியும்.

1986-ல் அண்ணாச்சிக்கு ஓர் ஆபரேஷன் நடந்தது. இடுப்புக்கு மேலே முதுகெலும்பை ஒட்டி ஓடும் நரம்புச் சங்கிலியில் ஒரு பகுதியை வெட்டினார்கள். ரத்தக்குழாய்களைச் சுருக்கி வைப்பது அந்த நரம்பு. வெட்டினால் சிறு குழாய்கள் விரியும், தோலுக்கு ரத்தம் கொஞ்சம் கூடும். பாதத்தின் எரிச்சல் குறைந்தது; நடை கூடவில்லை. அவருக்கு மனசு சங்கடம். பல வருஷம் கழித்துத்தான் நான் படித்துத் தெரிந்துகொண்டேன், அண்ணாச்சிக்கு நடந்தது ஒரு சக்கரவர்த்திக்கு நடந்த அதே ஆபரேஷன் என்று.

காலணாவில் இருந்த ராஜா

என் வயதுக்காரர்களுக்கு ஆறாம் ஜார்ஜைத் தெரியும். வீட்டுப் பெரியவர்களின் சுருக்குப்பையிலும் அஞ்சறைப்பெட்டியிலும் மிஞ்சிக் கிடந்த பழைய காலணாவில் அவர் தலை இருக்கும். இந்தியாவை ஆண்ட கடைசி ஆங்கிலேய மன்னர். அவரும் ஓயாத புகைப்பிரியர். 1948-ல் அவருக்குக் காலில் குரக்குவலி. அந்த வருஷக் கடைசியில் தமனி அடைப்பு என்று கண்டுபிடித்தார்கள். காலை எடுக்க நேருமோ என்று மருத்துவர்கள் அஞ்சினார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பயணம் தள்ளிவைக்கப்பட்டது. 1949 மார்ச் 12 அன்று பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே ஓர் அறையை ஆபரேஷன் தியேட்டராக மாற்றி, ஸ்காட்லாந்துப் பேராசிரியர் ஜேம்ஸ் லியர்மந்த் அந்த நரம்பை வெட்டினார். லியர்மந்துக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. ராஜாவின் கால் பிழைத்தது. ஆனால் 1951-ல் நுரையீரல் ஒன்றை எடுக்க வேண்டியதாயிற்று. 1952 பிப்ரவரி 6 அதிகாலையில் தூக்கத்திலேயே இதய அடைப்பால் காலமானார். அப்போது வயது 56.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ராஜாவின் ஆபரேஷனுக்கு ஒன்பது மாதம் முன்பே, 1948 ஜூன் 3 அன்று, பாரிஸ் நகரில் பேர் தெரியாத ஒரு சாதாரண மனிதருக்கு அதைவிட நல்ல வைத்தியம் நடந்துவிட்டது. அவருக்கு வயது 54. ஏற்கெனவே நரம்பையும் வெட்டிப் பார்த்தாகிவிட்டது, விரலையும் எடுத்தாகிவிட்டது, புண் ஆறவில்லை. ரெனே லெரிஷ் என்ற புகழ்பெற்ற பேராசிரியரின் உதவியாளர் ழான் குன்லின். அவர் அந்த நோயாளியின் காலிலிருந்தே ஒரு நீண்ட சிரையை உருவி எடுத்து, அடைபட்ட இடத்துக்கு மேலே ஒரு முனையையும் கீழே மறு முனையையும் தமனியின் பக்கவாட்டில் தைத்தார். அடைப்பை அவர் தொடவே இல்லை. ஊருக்குள் நெரிசல் இருந்தால் இருக்கட்டும், நாம் சுற்றிப் போவோம் என்கிற அதே பைபாஸ் ரோடு யோசனை.

அந்தச் சிரை நமக்குத் தெரிந்ததுதான். கணுக்காலின் உள்பக்கத்திலிருந்து தொடை இடுக்கு வரை தோலுக்கு அடியில் ஓடும். சிலருக்கு ‘நரம்பு சுருட்டிக்கொள்வது’ இந்தச் சிரையில்தான். இதை எடுத்துவிட்டாலும் ஆழத்தில் இருக்கும் சிரைகள் அதன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஒரே ஒரு சிக்கல். ரத்தம் மேல்நோக்கி மட்டும் போக வேண்டும் என்பதற்காகச் சிரைக்குள் சிறுசிறு கதவுகள் உண்டு. அதனால் எடுத்த குழாயைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத் தைக்க வேண்டும். குன்லின் அப்படித்தான் செய்தார். இன்றும் பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள்.

தையல் கற்றுக்கொண்ட டாக்டர்

இவ்வளவு எளிய யோசனை ஏன் 1948 வரை காத்திருந்தது?

உடம்புக்கே இந்த யோசனை தெரியும். 1785-ல் லண்டனில் ஜான் ஹண்டர் என்ற மருத்துவர், முழங்காலுக்குப் பின்னால் தமனி வீங்கிய ஒரு குதிரைவண்டிக்காரருக்குத் தொடைத் தமனியையே கட்டிப்போட்டார். கால் அழுகிவிடவில்லை. பக்கத்துச் சின்னச் சின்னக் கிளைகள் மெல்ல விரிந்து ரத்தத்தைச் சுற்றுவழியில் கொண்டுபோயின. ஆனால் இயற்கை போடும் அந்த ஒற்றையடிப் பாதை எல்லோருக்கும் போதுவதில்லை. நல்ல சாலையாகப் போட வேண்டுமானால் ரத்தக்குழாயைத் தைக்கத் தெரிய வேண்டும்.

1894-ல் பிரான்சின் குடியரசுத் தலைவர் சாதி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டார். ஈரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அறுந்துவிட்டது. அதைத் தைக்க யாருக்கும் வழி தெரியவில்லை. நாட்டின் தலைவர் மருத்துவர்கள் கண்முன்னே இறந்தார். அதே ஊரில் மருத்துவப் பயிற்சியில் இருந்த அலெக்சி கரேல் என்ற இளைஞரின் மனதை இது உறுத்தியது. லியோன் பட்டுக்குப் பேர்போன ஊர். கரேல் அங்கே பூவேலை செய்யும் ஓர் அம்மாளிடம் போய் மெல்லிய ஊசியில் பட்டுநூல் கோத்துத் தைக்கக் கற்றுக்கொண்டார். வட்டமான குழாய் வாயை மூன்று இடத்தில் நூல் போட்டு இழுத்தால் அது முக்கோணமாகும்; முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் நேர்கோடாகத் தைத்துவிடலாம். 1902-ல் இதை வெளியிட்டார். 1912-ல் நோபல் பரிசு வந்தது. 1906-ல் மாட்ரிட் நகரில் ஹோசே கோயானஸ் என்பவர் முழங்கால் தமனிக்குப் பதிலாகச் சிரையை வைத்தும் காட்டிவிட்டார்.

ஆனாலும் வழக்கத்துக்கு வரவில்லை. இரண்டு குறைகள் இருந்தன. அடைப்பு எங்கே என்று காலைத் திறக்காமல் தெரியாது; தைத்த இடத்தில் ரத்தம் உறையாமல் தடுக்க மருந்து கிடையாது. 1929-ல் லிஸ்பன் நகரில் ரெய்னால்டோ தோஸ் சாந்தோஸ், வயிற்றுத் தமனிக்குள் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய்களைப் படமெடுத்தார். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் 1916-ல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டு, 1930-களில்தான் மனிதருக்குத் தரக்கூடிய அளவு சுத்தமாயிற்று. 1946-ல் ரெய்னால்டோவின் மகன் ஜோவாவ், தமனியைத் திறந்து உள்ளே படிந்ததைச் சுரண்டி எடுத்தார். அதற்கு இரண்டு வருஷம் கழித்து வந்தவர் குன்லின். யோசனை ஒருவருடையதாக இருக்கலாம். அதற்கு வழி போட்டவர்கள் ஐம்பது வருஷத்துக் கூட்டம்.

போர்க்களமும் இதற்கு ஒரு பாடசாலை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களின் 2,471 தமனிக் காயங்களை டெபேக்கி, சிமியோன் என்ற இரு மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். அன்று பெரும்பாலும் அறுந்த தமனியைக் கட்டிப்போடுவதுதான் வழக்கம். 49 சதவீதம் பேருக்குக் காலோ கையோ போனது. சில வருஷம் கழித்துக் கொரியப் போரில் அறுந்த தமனியைத் தைத்தார்கள், தேவைப்பட்டால் சிரையை வைத்தார்கள். இழப்பு சுமார் 13 சதவீதத்துக்கு இறங்கியது.

துணிக் குழாயும் சீழும்

எல்லோருக்கும் நல்ல சிரை இருப்பதில்லை. சுருண்டிருக்கும், மெலிந்திருக்கும், இல்லை இதயத்துக்காக முன்பே எடுத்திருப்பார்கள். அதனால் செயற்கைக் குழாய் தேடினார்கள். நியூயார்க்கில் ஆர்தர் வூர்ஹீஸ், நாயின் இதயத்துக்குள் மறந்துபோன பட்டுத் தையல்நூலின் மேல் வழவழப்பான சவ்வு படர்ந்திருப்பதைப் பார்த்தார். நூலில் படர்ந்தால் துணியிலும் படரும் அல்லவா? வினியான் என்ற செயற்கைத் துணியைக் குழாயாகத் தைத்து நாய்களுக்கு வைத்துப் பார்த்து 1952-ல் முடிவுகளை வெளியிட்டார். ஹூஸ்டனில் டெபேக்கி நைலான் வாங்கத் துணிக்கடைக்குப் போனார். நைலான் தீர்ந்துவிட்டது, டேக்ரான் இருக்கிறது என்றார்கள். அதை வாங்கிவந்து மனைவியின் தையல் மெஷினில் குழாய்களாகத் தைத்தார். வயிற்றுத் தமனிக்கு அது பிரமாதமாக ஒத்துவந்தது. 1970-களில் டெஃப்ளான் வகைக் குழாயும் வந்தது.

ஆனால் செயற்கைக் குழாய்க்கு ஒரு பலவீனம். அதில் கிருமி ஒட்டிக்கொண்டால் சொந்த உடம்பு போல அது எதிர்த்துப் போராடாது. மருந்தும் அங்கே சரியாக எட்டாது. வருவது நூற்றில் சிலருக்குத்தான். வந்துவிட்டால் காலுக்கும் உயிருக்கும் ஆபத்து. பெரும்பாலும் தொடை இடுக்கில்தான் வரும். வியர்வையும் மடிப்பும் உள்ள இடம். சீழ் கட்டும், தையல் அரித்து விட்டுப்போனால் ரத்தம் பீறிடும். குழாயை எடுத்தே ஆக வேண்டும். எடுத்தால் காலுக்கு ரத்தம் ஏது?

இதற்கு வந்த பதில், பைபாஸுக்கே ஒரு பைபாஸ். நம் இடுப்பெலும்பில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பெரிய துவாரம் உண்டு. ஒரு சவ்வு அதை மூடியிருக்கும். 1963-ல் ஷா என்ற அமெரிக்க மருத்துவரும் அவர் சகாவும், அடிவயிற்றுத் தமனியிலிருந்து புதுக் குழாயை அந்தத் துவாரத்தின் வழியே இறக்கி, சீழ் பிடித்த இடுக்கைத் தொடாமலே தொடையின் கீழ்ப்பகுதிக்குக் கொண்டுபோன முறையை வெளியிட்டார்கள். அதே வருஷம் சான் பிரான்சிஸ்கோவின் பிளெய்ஸ்டெல், அக்குளிலிருந்து விலாப்புறமாகத் தோலுக்கடியில் தொடை வரை குழாய் விட்டதைப் பற்றி எழுதினார். ஒரு காலிலிருந்து அடிவயிற்றின் குறுக்கே மறு காலுக்கு ரத்தம் கடன் வாங்குவதும் உண்டு. எல்லாவற்றிலும் கட்டளை ஒன்றுதான்: புதுக் குழாய் சீழைப் பார்க்கவே கூடாது. முதலில் சுத்தமான இடத்தில் புது வழியைத் தைத்து மூடிவிட்டு, பிறகு அழுக்கான பழைய குழாயை எடுப்பார்கள்.

அண்ணாச்சி 1991-ல் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்துப் படுக்கையில் ஒருவருக்கு இப்படித்தான் நடந்தது. முன்பு வைத்த செயற்கைக் குழாயில் சீழ். துவார வழியாகப் புதுக் குழாய் போட்டார்கள். பத்து நாள் கழித்து அவர் எழுந்து உட்கார்ந்து இட்லி தின்றதை அண்ணாச்சி எனக்கு ஒரு போஸ்ட் கார்டு எழுதித் தெரிவித்தார்.

எத்தனை வருஷம் தாங்கும்?

அண்ணாச்சிக்கு அப்போது வயது 56. இடது காலின் பெருவிரல் கறுத்துவிட்டது. அழைத்துப் போனவன் நான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டரிடம் அவர் கேட்டார், “ஐயா, இது எத்தனை வருஷம் தாங்கும்?” டாக்டர் திருப்பிக் கேட்டார்: “குழாயைக் கேக்கீங்களா, காலைக் கேக்கீங்களா, உங்களைக் கேக்கீங்களா? மூணுக்கும் கணக்கு வேற வேற.”

அன்று அதை ஏதோ சமாளிப்பு என்று நினைத்தேன். பிற்பாடு படித்தபோதுதான் அதைவிடச் சரியான பதில் கிடையாது என்று தெரிந்தது. 2006-ல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,404 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு முடிவு வெளியானது. எல்லோரும் கால் போகும் நிலையில் வந்தவர்கள். எல்லோருக்கும் சொந்தச் சிரையில் பைபாஸ். ஒரு வருஷ முடிவில், மறுபடி கை வைக்காமலே ஓடிய குழாய்கள் 61 சதவீதம். அடைபடுமுன் பார்த்துச் சரிசெய்தவற்றையும் சேர்த்தால் 77. கால் தப்பியவர்கள் 88. உயிரோடு இருந்தவர்கள் 84.

இந்த நாலு எண்ணையும் நிதானமாகப் பாருங்கள். குழாய் அடைபட்டாலும் பலருக்குக் கால் போகவில்லை. புண் ஆறுவதற்கு நிறைய ரத்தம் வேண்டும். ஆறிய காலைக் காப்பாற்றக் கொஞ்சம் போதும். ஹண்டரின் வண்டிக்காரருக்கு வந்த ஒற்றையடிப் பாதையும் அதற்குள் கொஞ்சம் விரிந்திருக்கும். ஆக, குழாயின் வேலை சில பேருக்கு ஆயுள் முழுக்க அல்ல, ஆறும் வரைதான். அதே சமயம் 77-க்கும் 61-க்கும் இடையில் இருக்கும் பதினாறு பேரைப் பிழைக்கவைத்தது கத்தி அல்ல, தவறாமல் போய்க் காட்டியது.

குழாய் கெடுவதற்கும் ஒரு கால வரிசை உண்டு. முதல் மாதத்தில் கெட்டால் பெரும்பாலும் தையலிலோ சிரையிலோ கீழ்வழியிலோ குறை. அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்குள் கெட்டால், குழாயின் உட்சுவரில் தழும்பு போலச் சதை தடித்து வழி குறுகியிருக்கும். அதற்கும் பிறகு கெட்டால் பழைய நோய்தான், புதுக் குழாயிலும் மேலே கீழேயும் படிந்திருக்கும். முதலாவது டாக்டர் கையில். இரண்டாவது பரிசோதனைக்குப் போவதில். மூன்றாவது பெரும்பாலும் நம் கையில். பைபாஸுக்குப் பிறகும் புகைப்பவர்களுக்குக் குழாய் அடைபடும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2005-ல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொன்னார்கள்.

சிரையா செயற்கையா என்பதற்கும் விடை உண்டு. 1986-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஒப்பீட்டில், முழங்காலுக்குக் கீழே உள்ள சிறு தமனிகளுக்குப் போட்ட பைபாஸ்களில் நாலு வருஷம் கழித்து ஓடியவை: சொந்தச் சிரை 49 சதவீதம், டெஃப்ளான் வகை 12 சதவீதம். சொந்தச் சரக்குக்கு ஈடு இன்னும் வரவில்லை.

கத்தியே வேண்டாம், குழாய்க்குள் பலூன் விட்டு விரித்தால் போதாதா என்றும் கேட்பீர்கள். அந்த வழியும் பிறந்தது காலில்தான். 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில், காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயதுப் பாட்டி ஒருவருக்கு சார்லஸ் டாட்டர் தமனிக்குள் மெல்லிய குழாய்களைச் செலுத்தியே அடைப்பை விரித்தார். பாட்டி தன் சொந்தக் காலிலேயே நடந்து இரண்டரை வருஷம் போல வாழ்ந்தார். இன்று எது மேல் என்பதில் வழக்கு தீரவில்லை. 2022-ல் 1,830 பேரை வைத்து வெளிவந்த பெரிய ஆய்வில், நல்ல சிரை உள்ளவர்களுக்கு பைபாஸே மேல்: பெரிய கால் பாதிப்போ மரணமோ நேர்ந்தவர்கள் பைபாஸில் 42.6 சதவீதம், பலூன் வழியில் 57.4. அடுத்த வருஷமே பிரிட்டனில் இருந்து வந்த 345 பேர் ஆய்வு, முழங்காலுக்குக் கீழே அடைப்புள்ளவர்களுக்கு பலூனை முதலில் செய்வதே நல்லது என்றது. சிரை எப்படி, அடைப்பு எங்கே, இதயம் எப்படி என்று ஆளைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய விஷயம். என் நண்பரிடம் நான் சொன்னதும் இதுதான்: சம்பந்தியிடம் சிரை நன்றாக இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது கணக்குதான் கசப்பானது. கால் போகும் நிலைக்கு வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் ஐந்து வருஷத்துக்குள் காலமாகிவிடுகிறார்கள். காலால் அல்ல, பெரும்பாலும் இதயத்தால், மூளை அடைப்பால். காலில் அடைத்த நோய் மற்ற இடத்தைச் சும்மா விட்டிருக்காது. ராஜாவின் கதையும் அதுதானே? காலுக்கு வைத்தியம் நடந்தது. மூன்று வருஷத்துக்குள் இதயம் நின்றது.

அண்ணாச்சியின் கணக்கு

அண்ணாச்சிக்குச் சொந்தச் சிரையை வைத்தார்கள். கறுத்த விரல் போயிற்று, கால் நின்றது. ஒன்றரை வருஷத்தில் பரிசோதனையில் குழாயில் ஓரிடம் குறுகியிருப்பது தெரிந்து அதையும் சரிசெய்தார்கள். அவருக்கு வலி எதுவும் இல்லை, “நல்லாத்தான சார் இருக்கேன், எதுக்குப் போவணும்?” என்று மதுரைக்குப் போக மறுத்தவரைப் பஸ் ஏற்றிவிட்டது என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியங்களில் ஒன்று. பீடியை ஆபரேஷன் அன்று விட்டவர் பிறகு தொடவில்லை. 1993-ல் பீட்டில் நடந்தபடியே ஓய்வு பெற்றார்.

டாக்டர் அவருக்கு ஒன்று கற்றுக்கொடுத்திருந்தார். தினம் காலையில் எழுந்ததும் பாதத்தின் மேல்புறத்தில் இரண்டு விரலை வைத்து நாடி பார்க்க வேண்டும். துடித்தால் குழாய் ஓடுகிறது என்று அர்த்தம். திடீரென்று காணவில்லை என்றால் அன்றைக்கே ஓடி வர வேண்டும். அவர் அதை சூரிய நமஸ்காரம் போலச் செய்தார். திண்ணையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார். “ஓடுது சார்” என்பார்.

2005-ல் ஒரு விடியற்காலையில் மாரடைப்பு. வயது எழுபது. சேதி வந்து நான் போனபோது உடம்பை வீட்டு முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். கால்மாட்டில் நின்று கும்பிட்டேன். பதினாலு வருஷம் நடந்த கால்.

நண்பருக்கு இதையெல்லாம் நடைப்பாதையில் நின்று சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதி வைத்தேன். இதைப் படிக்கிற நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து நின்றால் போகிறது என்றால், வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். போய்க் காட்டுங்கள். காலை மட்டும் அல்ல, இதயத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.